தலைமை ஆசிரியரின் வாரத்தில் வகுப்பறைக்கு எத்தனை மணி நேரம்?

ஒரு பள்ளியின் தலைமை எப்படி இருக்கிறது என்று அறிய, தலைமை ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். போன வாரம் யார் யார் வகுப்பில் போய் உட்கார்ந்தீர்கள்? வெளியே வந்தபின் அவர்களிடம் என்ன பேசினீர்கள்? பதிலாகக் கட்டட வேலை, அறிக்கை, பெற்றோர் புகார், ஆண்டு விழா ஏற்பாடு என்று பட்டியல் நீண்டால், அந்தப் பள்ளி பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடத்துகிறவர் என்று யாரும் இல்லை.

கடுமையான தீர்ப்புதான். ஆனால் கணக்கு எளிது. தலைமை ஆசிரியர் பெரும்பாலான மாணவர்களுக்கு நேரடியாக எதையும் கற்பிப்பதில்லை. அவர் செய்யும் எதுவும் மாணவரிடம் போய்ச் சேர ஆசிரியரின் பாடவேளையைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த 40 நிமிடத்தைத் தொடாத திட்டம், எவ்வளவு நல்ல பெயர் வைத்தாலும், கோப்பிலேயே முடிந்துவிடும்.

ஆய்வுகளும் இந்தப் பக்கமே நிற்கின்றன. அமெரிக்கப் பள்ளிகளை வைத்து ஜேசன் கிரிஸம், அன்னா எகலைட், கான்ஸ்டன்ஸ் லிண்ட்சே ஆகியோர் 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. தலைமை ஆசிரியர்களைத் திறமைப்படி வரிசைப்படுத்துங்கள். கீழிருந்து கால் பங்கில் நிற்பவரின் இடத்தில், முக்கால் பங்கில் நிற்பவரை அமர்த்துங்கள். மாணவர்கள் ஓராண்டில் கணிதத்தில் 2.9 மாதம், வாசிப்பில் 2.7 மாதம் கூடுதலாகப் படித்ததற்கு நிகரான முன்னேற்றம் கிடைக்கும். ஒரு நல்ல ஆசிரியரின் பலன் அவருடைய வகுப்போடு நின்றுவிடும்; இது பள்ளி முழுவதும் பரவும்.

தலைமை ஆசிரியர் செய்யும் வேலைகளில் எது எவ்வளவு பலன் தருகிறது என்பதை நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவருடைய குழுவினரும் 2008இல் ஒப்பிட்டார்கள். மாணவர் கற்றலில் ஒவ்வொன்றும் ஏற்படுத்தும் விளைவுக்கு அவர்கள் ஓர் எண் கொடுத்தார்கள்; எண் பெரிதானால் பலன் பெரிது. இடவசதி, பணம், ஆள் ஒதுக்கீட்டுக்கு 0.31. ஒழுங்கான, பாதுகாப்பான சூழலுக்கு 0.27. இலக்கு வகுப்பதற்கு 0.42, பாடம் நடத்துவதைத் திட்டமிட்டு மதிப்பிடுவதற்கும் அதே 0.42. எல்லாவற்றுக்கும் மேலே 0.84 பெற்றது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தானும் உட்கார்ந்து கற்பது. இந்த எண்களைத் தசமப் புள்ளிவரை நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை, வரிசையைப் பாருங்கள். பயிற்சியைத் தொடங்கிவைத்து, வரவேற்புரை சொல்லி, 'நீங்கள் தொடருங்கள்' என்று அறைக்குத் திரும்புகிறவருக்கு அந்த 0.84 கிடையாது.

இன்னொரு ஆய்வு பலருடைய நம்பிக்கையைக் கலைத்துவிடும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மயாமி-டேட் மாவட்டத்தில் ஏறக்குறைய 100 தலைமை ஆசிரியர்களை ஆய்வாளர்கள் பள்ளி நேரம் முழுவதும் கூடவே இருந்து கவனித்தார்கள். கிரிஸமும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட முடிவு இது: கற்பித்தல் சார்ந்த வேலைகளுக்குப் போன நேரம் சராசரியாக 12.7 விழுக்காடு. அந்த நேரம் கூடினாலே மாணவர் முன்னேற்றம் கூடிவிடவில்லை. ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுத்த நேரம் பலன் தந்தது. வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு போகும் 'ரவுண்ட்ஸ்' அதிகமான இடங்களில், குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில், முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. பார்ப்பதனால் மட்டும் யாரும் மாறுவதில்லை. பார்த்தபின் பேசாமல் போனால், 'எதற்கு வந்தார், என்ன எழுதிக்கொண்டார்' என்ற பயம் மட்டும் வகுப்பில் தங்கும்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது

24 ஆசிரியர்கள் உள்ள பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் வகுப்பிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 20 நிமிடம் உட்கார வேண்டும். குறிப்பை ஒழுங்குபடுத்த 5 நிமிடம், பேச 15 நிமிடம். ஆளுக்கு 40 நிமிடம், வாரத்துக்கு 12 பேர்: மொத்தம் 8 மணி நேரம். ஒருவரால் இது முடியாது. முடியும் என்று தொடங்குபவர் மூன்றாவது வாரத்திலேயே நிறுத்திவிடுவார். இரண்டு உதவித் தலைமை ஆசிரியர்கள் ஆறாறு பேரை எடுத்துக்கொண்டால் தலைமை ஆசிரியர் பங்கு 12 பேர், வாரத்துக்கு 6 பேர், அதாவது 4 மணி நேரம். உதவிக்கு ஆளே இல்லாத சிறிய பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கையும் குறைவாகவே இருக்கும். 10 பேருக்கு இதே முறையில் வாரம் 3 மணி 20 நிமிடம்.

இந்த நேரத்தை நாளின் முதல் முக்கால் மணியில் வைக்கக் கூடாது. தாமதமாக வரும் மாணவர்கள், விடுப்பு எடுத்த ஆசிரியரின் வகுப்புக்கு மாற்று ஏற்பாடு, வாசலில் நிற்கும் பெற்றோர் எல்லாம் அப்போதுதான் வருவார்கள். அதைக் கடந்த இரண்டு பாடவேளைகள், வாரத்தில் மூன்று நாள் என்று குறித்துக்கொள்வது நிலைக்கிறது. குறித்ததை அலுவலக எழுத்தரிடமும் வாயில் காவலரிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதற்கு நான்கே காரணங்கள்: குழந்தைக்கு அடிபட்டது, குழந்தையைக் காணவில்லை, தீ போன்ற ஆபத்து, மேலதிகாரி நேரில் வந்திருப்பது. மற்ற எல்லாருக்கும் 'மாலை 3 மணிக்கு வாருங்கள், உங்கள் பெயரை எழுதிவைக்கிறேன்' என்ற ஒரே பதில். அப்படி எழுதிவைத்தால் 3 மணிக்கு அறையில் இருக்கவும் வேண்டும். ஒருமுறை தவறினாலும் அடுத்த நாள் காலையே கதவைத் தட்டுவார்கள், அதில் நியாயமும் உண்டு.

நேரம் கசிவதற்குப் பெரிய காரணம், எல்லா முடிவும் ஒரே மேசைக்கு வருவதுதான். ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்து எழுதிவிட்டால் பாதி கூட்டம் கலைந்துவிடும். முதல் பத்தியில், கேட்காமலே செய்யலாம், சொல்லவும் வேண்டாம் என்பவை: சான்றிதழ் நகல், எழுதுபொருள் வழங்கல், மாற்றுப் பாடவேளை. இரண்டாவதில், செய்துவிட்டு மாலையில் சொன்னால் போதும் என்பவை: சிறு தண்டனைகள், அரைநாள் விடுப்பு, பழுது பார்க்க ஆளைக் கூப்பிடுவது. மூன்றாவதில், முன்னதாகக் கேட்டே செய்ய வேண்டியவை: மாணவரை வீட்டுக்கு அனுப்புவது, பணம் சம்பந்தமான எல்லாம், பாதுகாப்புப் புகார்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர் இருக்க வேண்டும். 'அலுவலகம்' என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். கொடுத்த அதிகாரத்தை அடுத்த வாரமே திருப்பி எடுத்துக்கொள்வது இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு. உதவித் தலைமை ஆசிரியர் எடுத்த ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் அதைத் தனியாகப் பேசித் திருத்தலாம். பெற்றோர் முன்னால் மாற்றினால் அன்றோடு எல்லாரும் பழையபடி தலைமை ஆசிரியரிடமே வருவார்கள்.

வகுப்பில் உட்காரும்போது

30 கட்டங்கள் உள்ள ஆய்வுப் படிவத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கண் கட்டத்தைத் தேடும், வகுப்பைப் பார்க்காது. கோடு போட்ட ஒரு வெள்ளைத் தாள் போதும். இடது ஓரத்தில் மணி, வலப்புறம் கண்டதும் கேட்டதும். கருத்து எழுதக் கூடாது. 'மாணவர்கள் ஆர்வமாக இல்லை' என்பது கருத்து. '10:12: கேள்வி கேட்டார், உடனே முன்வரிசை மாணவி பதில், 10:14: அதே மாணவி, 10:15: எல்லாரும் சேர்ந்து ஆமாம்' என்பது கண்டது. பின்னால் பேச உட்காரும்போது கருத்தோடு சண்டை போடலாம், இதோடு போட முடியாது.

கடைசி வரிசையில் உட்கார்ந்தால் ஆசிரியரின் முகம்தான் தெரியும். பக்கவாட்டில், மாணவர்களின் நோட்டுப் புத்தகம் கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும். 20 நிமிடத்தில் மூன்று வேலைகள். முதலாவது, எத்தனை வேறு வேறு மாணவர்கள் வாய் திறந்தார்கள் என்று எண்ணுவது. 40 பேரில் 6 பேர்தான் என்று பல நல்ல ஆசிரியர்களின் வகுப்பிலேயே வரும். அவர்களுக்கே அது தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்த 6 பேர் சரியாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது, எழுதும் வேலை நடக்கும்போது இரண்டு மூன்று பேரிடம் மெதுவாக, 'இப்போது என்ன செய்கிறாய்? எதற்காக?' என்று கேட்பது. முதல் கேள்விக்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வரவில்லை என்றால் பாடத்தின் நோக்கம் ஆசிரியரின் பாடக்குறிப்பிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது, ஐந்து நோட்டுகளைப் புரட்டுவது. நன்றாகப் படிப்பவர் ஒருவர், நடுத்தரம் இருவர், பின்தங்கியவர் இருவர். வகுப்பில் சிறந்த நோட்டை மட்டும் ஆசிரியரே எடுத்துக் கொடுப்பார். வாங்கிப் பார்த்துவிட்டு மற்ற நாலையும் கேளுங்கள்.

தனக்குத் தெரியாத பாடமாக இருந்தால்? மொழிப் பாடம் படித்தவர் இயற்பியல் வகுப்பில் என்ன பார்க்க முடியும் என்பது நியாயமான கேள்வி. முந்தைய நாள் ஆசிரியரிடம், 'இந்தப் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாக எங்கே தவறு செய்வார்கள்?' என்று கேட்டுவையுங்கள். வகுப்பில் அந்த இடம் வந்ததா, வந்தபோது என்ன நடந்தது என்று கவனித்தால் போதும். அந்தக் கேள்விக்கு ஆசிரியரிடமே பதில் இல்லை என்றால், அவருக்குத் தேவை பாட வல்லுநரின் உதவி. தலைமை ஆசிரியர் தன் வாயால் பாடம் சொல்லித்தர முயல வேண்டாம்.

அதன்பிறகு வரும் 15 நிமிடம்

எல்லாமே இங்கேதான் இருக்கிறது. அன்றைக்கே, தவறினால் மறுநாள் பேசிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பேசினால் எந்த வகுப்பு என்பதே இருவருக்கும் மறந்திருக்கும். இடம் தலைமை ஆசிரியர் அறை வேண்டாம். அந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தாலே விளக்கம் சொல்லும் மனநிலை வந்துவிடுகிறது. ஆசிரியரின் வகுப்பு காலியாக இருக்கும் நேரம் சரியாக வரும்.

முதல் இரண்டு நிமிடம், நன்றாக இருந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்வது. 'வகுப்பு அருமை சார்' என்பதில் எதுவும் இல்லை. 'எடுத்துக்காட்டுக் கணக்கைப் போடும்போது ஒவ்வொரு படியையும் ஏன் என்று சொல்லிக்கொண்டே போட்டீர்கள், பின்வரிசைப் பையன் அதை அப்படியே நோட்டில் எழுதியிருந்தான்' என்று சொன்னால், அடுத்த முறையும் அதைச் செய்வார். பிறகு குறிப்புத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, 'இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?' என்று மூன்று நிமிடம் விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அவரே கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்கவில்லை என்றால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். அடுத்த இரண்டு நிமிடத்தில் மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஒன்று, நாளைக் காலையே செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். 'மாணவர்களை ஈடுபடுத்துங்கள்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. மேலே சொன்ன 6 பேர் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். அதை 3 நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசுகிறார்கள். ஆகவே சொல்ல வேண்டியது: 'கேள்வியைக் கேளுங்கள். மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். அப்புறம் ஒரு பெயரைச் சொல்லுங்கள்.' இந்த வரிசை முக்கியம். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 39 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மிச்சமிருப்பதில் ஆறு நிமிடம் ஒத்திகை. எழுந்து நின்று, நாளைய பாடத்தின் முதல் மூன்று கேள்விகளை, காத்திருப்போடு, தலைமை ஆசிரியரை மாணவராக வைத்துக் கேட்டுப் பார்ப்பது. கூச்சமாக இருக்கும். எல்லாரும் தவிர்க்கும் பகுதி இதுதான், தவிர்த்த இடங்களில் வகுப்பு மாறுவதும் இல்லை. 'சரி சார், செய்கிறேன்' என்று சொல்வது வேறு, 40 பேர் முன்னால் மூன்று நொடி மௌனமாக நிற்பது வேறு. முதல் முறை அந்த மூன்று நொடி மிக நீளமாகத் தெரியும். கடைசி இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று போய் அந்த ஒன்றை மட்டும் 5 நிமிடம் பார்த்தால் போதும். போகாமல் விட்டால், சொன்னது முக்கியமில்லை என்று ஆசிரியர் சரியாகவே முடிவு செய்துகொள்வார்.

நான்கு குறைகளை ஒரே மூச்சில் சொல்லும் ஆசையை அடக்குவது கடினம், குறிப்பாக வகுப்பு மோசமாக இருந்த நாளில். நான்கு சொன்னால் ஆசிரியர் தனக்கு எளிதானதைத் தேர்ந்துகொள்வார். பலகையில் தேதி எழுதுவதைச் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்.

இந்தக் குறிப்புகள் பணி மதிப்பீட்டுக் கோப்பில் சேருமா என்று முதல் நாளே கேட்பார்கள், வாய்விட்டுக் கேட்காதவர்கள் மனத்துக்குள் கேட்பார்கள். சேராது என்று சொல்லிவிட்டு அதைக் காப்பாற்ற வேண்டும். மதிப்பீட்டுக்கு வரும் நாளைத் தனியாக, முன்கூட்டி அறிவித்து வர வேண்டும். இரண்டையும் கலந்தால் யாரும் தன் பலவீனமான வகுப்பைக் காட்டமாட்டார்கள். தயார் செய்த காட்சிப் பாடமே ஆண்டு முழுவதும் காணக் கிடைக்கும்.

25 ஆண்டு அனுபவமுள்ளவர், 'எனக்கு யார் சொல்லித்தருவது' என்று நினைப்பதும் இயல்பே. அவரிடம் வாதாடிப் பயனில்லை. தலைமை ஆசிரியர் வாரம் ஒரு பாடவேளையாவது தானே எடுத்து, அவரையே வந்து உட்காரச் சொல்லி, அதே தாளில் எழுதச் சொல்லி, 15 நிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வந்த குறையை அடுத்த வாரம் சரிசெய்து காட்டவும் வேண்டும். இதைச் செய்யத் தயங்குகிறவர் மற்றவர் வகுப்புக்குள் நுழையாமல் இருப்பதே நல்லது.

மற்றவை

ஆசிரியர் கூட்டத்தில் அறிவிப்பு வாசிப்பதை நிறுத்திவிடலாம். தேதி, படிவம், விழா எல்லாம் எழுத்தில் போகட்டும். மிஞ்சும் 60 நிமிடத்துக்கு, ஒரே பாடம் எடுப்பவர்கள் ஒரே கேள்விக்கு எழுதப்பட்ட விடைத்தாள்களை ஆளுக்கு 10 கொண்டுவர வேண்டும். சரி, பாதி சரி, தவறு என்று மூன்று குவியலாகப் பிரிக்க 15 நிமிடம். தவறு குவியலில் அதிகம் வரும் பிழை எது, அது எப்படி வந்தது என்று பேச 25 நிமிடம். எந்தத் தேதிக்குள் மறுபடி எப்படிக் கற்பிப்பது, எந்த ஒரு கேள்வியால் சோதிப்பது என்று எழுத 20 நிமிடம். தலைமை ஆசிரியர் ஒரு குழுவில் உட்கார்ந்து தாளைப் பிரிக்க வேண்டும். கைப்பேசியோடு நடுவில் உலவுவது பங்கேற்பு ஆகாது.

இலக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். தேர்ச்சி விழுக்காட்டை இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே: தேர்ச்சிக் கோட்டுக்கு ஒட்டிக் கீழே இருப்பவர்களுக்கு எல்லாக் கவனமும் போகும், வெகுகீழே இருப்பவர்கள் கைவிடப்படுவார்கள், மேலே இருப்பவர்கள் வளரமாட்டார்கள். 'மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் முன்பு பார்க்காத ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசித்து, 5 கேள்விகளில் 4க்குப் பதில் சொல்லும்' என்று வைத்தால் 6 வாரத்துக்கு ஒரு முறை பெயர் பெயராகச் சரிபார்க்கலாம்.

கால அட்டவணை ஒரு மாலையில் போடப்படுகிறது. விளைவு ஆண்டு முழுக்க நிற்கிறது. மிகப் பின்தங்கிய பிரிவு யாருக்கும் வேண்டாம் என்பதால் புதிதாகச் சேர்ந்தவருக்குப் போவது எங்கும் காணும் வழக்கம். அதை மாற்ற மூத்தவர்களிடம் முன்கூட்டிப் பேசி, அந்தப் பிரிவை எடுப்பவருக்கு வாரம் ஒரு பாடவேளையாவது குறைத்துக் கொடுத்தால் நடக்கும். ஒரே பாட ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு ஓய்வு வேளையாவது ஒன்றாக அமைய வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன விடைத்தாள் வேலைக்கு ஆளே சேராது.

ஒழுங்குக்கு 0.27தான் என்பதால் அதை விட்டுவிடலாம் என்று பொருளில்லை. அது இல்லாத இடத்தில் மற்றது எதையும் தொடங்கவே முடியாது; இருக்கும் இடத்தில் அது மட்டும் போதாது. விதிகள் ஐந்துக்குள் இருக்கட்டும், 24 ஆசிரியரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளட்டும். நாலு பேர் கண்டுகொள்ளாமல் விட்டாலும் மாணவர்கள் அந்த நாலு பேரைக் கொண்டே பள்ளியை அளப்பார்கள்.

முயன்றும் முன்னேறாத ஆசிரியரிடம் பேசும்போது, நலம் விசாரித்து, வானிலை பேசி, கடைசியில் விஷயத்தை நுழைப்பதுதான் வழக்கம். அவர் எழுந்து போகும்போது என்ன சொல்லப்பட்டது என்றே தெரியாமல் போவார். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: 'உங்கள் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் எழுதும் வேலையைத் தொடங்குவதே இல்லை. இது மாற வேண்டும். இதற்காக வாரம் ஒருமுறை வருகிறேன்.' 8 வாரம் வாரந்தோறும் உதவி, ஒவ்வொரு முறையும் தேதியோடு இருவர் கையெழுத்து. இந்தப் பாதை வழக்கமான வகுப்புப் பார்வையிலிருந்து வேறானது என்பதையும், இந்தப் பதிவு கோப்பில் சேரும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். 8 வாரத்துக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் நிர்வாக நடவடிக்கைக்குப் போகத் தயங்கக் கூடாது. தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்பு முழுவதும் அதற்கு விலை கொடுக்கிறது.

புதிய பள்ளிக்குப் பொறுப்பேற்பவர் முதல் 6 வாரம் ஆபத்தானதைத் தவிர எதையும் மாற்றாமல் இருப்பது நல்லது. எல்லா வகுப்பிலும் ஒரு முறை உட்கார்ந்துவிட்டு, ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனித்தனியாக ஒரே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இங்கே எதை மாற்றக் கூடாது? உங்கள் மாணவர்கள் எதில் திணறுகிறார்கள்? உங்கள் வேலையைக் கெடுக்கும் எதை நான் ஒரு வாரத்தில் நீக்க முடியும்? மூன்றாவதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் சிறியவை: பூட்டியே கிடக்கும் ஆய்வக அறையின் சாவி, பாடத்தின் நடுவில் ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்புகள், ஒரே விவரத்தை மூன்று பதிவேட்டில் எழுதுவது. அறிவிப்புகளை அன்றைக்கே நிறுத்திவிடலாம். சாவிக்கு ஒரு நகல் போதும். பதிவேடுகளில் எது சட்டப்படி தேவை என்று எழுத்தரிடம் கேட்டுவிட்டு, மற்ற இரண்டையும் அந்த மாதத்தோடு மூடிவிடலாம்.